மடி என்னும் எட்டாவது இருக்கை

ஏழு பேர் உட்காரும் கார் என்று விளம்பரத்தில் எழுதியிருக்கும். முகூர்த்த நாளில் அதே காரிலிருந்து பத்துப் பேர் இறங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கூடுதலாக வந்த மூன்று பேர் எங்கே உட்கார்ந்து வந்தார்கள்? ஒரு குழந்தை அம்மாவின் மடியில், இன்னொன்று சித்தியின் மடியில், மூன்றாவது பாட்டியின் மடியில். காரைத் தயாரித்தவர் எண்ணிக் காட்டாத, வாங்குகிறவர் எண்ணிப் பார்க்காத, ஆனால் வண்டி கிளம்பும்போது எல்லோரும் நம்பியிருக்கிற இருக்கை அது.

சிறு குழந்தைகள் பலர் இருக்கும் குடும்பம் பெரிய வண்டி வாங்கப் போகும்போது அதிகம் புழங்கும் சொல் 'இடவசதி'. அந்தச் சொல்லைத்தான் இந்தக் கட்டுரை விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்கிறது. யாருடைய உடலை வைத்து இந்த இடம் அளக்கப்படுகிறது? யாருடைய உடல் அளவுக்குள் வராமலே பயன்படுத்தப்படுகிறது? குடும்பக் கார் என்று நமக்கு விற்கப்படும் பொருளை ஒரு பிரதியைப் போல வாசித்தால், பெண்ணின் மடியை இலவச உதிரி பாகமாக எடுத்துக்கொண்ட பிறகுதான் இங்கே இடவசதி கணக்கிடப்படுகிறது என்பது தெரியவரும்.

கார் என்பது சிறுபான்மையினரின் பிரச்சினைதானே என்ற கேள்வி நியாயமானது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுக் குடும்பங்களிடம்தான் கார் இருக்கிறது. ஏறத்தாழ பாதிக் குடும்பங்களிடம் இருசக்கர வாகனம் இருக்கிறது. ஆனால் மடி எல்லா வண்டியிலும் இருக்கிறது. நகரப் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் பைக்கின் பின்னிருக்கையிலும் இருப்பது அதே மடிதான். பத்து லட்சத்துக்கு மேல் செலவழித்து வாங்கிய வண்டியிலும் அது மாறவில்லை என்பதால்தான் காரிலிருந்து தொடங்குகிறேன்.

'பின்னால பசங்க உக்காந்துக்கலாம்'

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்கூட இல்லை. அதே ஆய்வு 1.8 என்கிறது. அப்படியிருக்க ஏழு இருக்கை வண்டிகள் இங்கே ஏன் இவ்வளவு ஓடுகின்றன? வாடகைக்கு ஓடுபவை ஒருபுறம். வீட்டுக்கென்று வாங்குகிறவர்கள் அண்ணன் குழந்தைகள் இரண்டு, தங்கை குழந்தைகள் இரண்டு, மாமனார், மாமியார் என்று கூட்டுக் கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். குலதெய்வம் கோயில், மொட்டை, காதுகுத்து, கோடை விடுமுறை எல்லாமே ஒரே வண்டியில் போய்வர வேண்டும். நம் ஊரில் 'பல குழந்தைகளுக்கான வண்டி' என்பது பல தாய்மார்களின் குழந்தைகளுக்கான வண்டி.

அந்த வண்டிக்குள் யார் எங்கே உட்காருவது என்பதை எந்தக் கையேடும் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஓட்டுவது கணவன். பக்கத்தில் அவனுடைய அப்பா, அல்லது கால் நீட்ட வேண்டிய யாராவது ஓர் ஆண். நடுவரிசையில் மாமியாரும் நாத்தனாரும். கடைசி வரிசையில் மருமகள்களும் குழந்தைகளும். மூன்றாவது வரிசையைக் காட்டும் ஷோரூம் விற்பனையாளர் சொல்லும் வாக்கியமும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை: 'பின்னால பசங்க உக்காந்துக்கலாம் சார்.' சிறுபிள்ளைகள் தனியாக உட்கார மாட்டார்கள் என்பதும், அவர்களோடு ஒரு பெண் முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும் என்பதும் அந்த வாக்கியத்தில் இல்லை. 'சார்' என்று விளிக்கப்படுகிறவர் அங்கே உட்காரப் போவதும் இல்லை.

டிக்கியைப் பாருங்கள். மாருதி எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது பொருள் வைக்க 209 லிட்டர் இடம். கியா கேரன்ஸில் 216 லிட்டர். நான்கு மீட்டர் நீளத்துக்குள் ஏழு இருக்கையை அடக்கிய ரெனோ டிரைபரில் 84 லிட்டர். கடைசி வரிசையை எடுத்துவிட்டால் டிரைபரில் 625 லிட்டர் கிடைக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இந்த எண். அதாவது ஏழு பேர் என்பதும் 625 லிட்டர் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. கைக்குழந்தையோடு ஒருநாள் பயணம் போக என்ன வேண்டும் என்று எந்தத் தாயையும் கேளுங்கள். மாற்றுத்துணி, டயப்பர், வெந்நீர் பிளாஸ்க், பால்புட்டி, துண்டு, போர்வை, வாந்திக்குக் கவர், மருந்துப் பை. எட்டு பேருக்கும் துணிமணி உள்ள பெட்டிகள் டிக்கியை நிரப்பிவிட, இந்தப் பை பெண்ணின் காலடிக்கு வந்துவிடும். மடியில் குழந்தை, காலடியில் பை, தோளில் தூங்கும் இன்னொரு குழந்தை. மிச்சமிருக்கும் இடத்தில் அவள் உட்கார்ந்துகொள்ளலாம்.

மூன்று குழந்தை இருக்கைகள் எங்கே?

ஐந்து வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு மூன்று தனிக் குழந்தை இருக்கைகள் பொருத்துவது என்று ஒருவர் உறுதியாக முடிவுசெய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே விற்கும் பெரும்பாலான ஏழு இருக்கை வண்டிகளில், குழந்தை இருக்கையை நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் நடுவரிசையின் இரு ஓரங்களிலும்தான் உண்டு. அப்படியானால் இரண்டு குழந்தைகளுக்கு இடம் ஆயிற்று. மூன்றாவது குழந்தையின் இருக்கையை சீட் பெல்ட்டால் கட்ட வேண்டும். எங்கே? இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவில் மூன்றாவது நுழைவதே கடினம். எனவே கடைசி வரிசை.

அங்கேதான் அடுத்த சிக்கல். கடைசி வரிசைக்குப் போக நடுவரிசை ஓர இருக்கையை மடித்து முன்னே தள்ள வேண்டும். ஒரே பொத்தானில் மடியும் இருக்கை என்று விற்பனையாளர் அழுத்திக் காட்டுவது இதைத்தான். ஆனால் அந்த இருக்கையில் குழந்தை இருக்கை பூட்டியிருந்தால் பெரும்பாலான வண்டிகளில் அது மடியாது. பிறகு கடைசி வரிசைக் குழந்தையை எப்படி ஏற்றுவது? டிக்கி வழியாகவா? மழை பெய்கிறது, பின்னால் லாரி ஒலி எழுப்புகிறது, மூன்று வயதுக் குழந்தை இறங்க மாட்டேன் என்று அழுகிறது என்ற நிலையில் வடிவமைப்பாளர் யாரை அங்கே நிற்கவைத்துப் பார்த்தார்? ஆறு இருக்கை வகையில் நடுவரிசை இருக்கைகள் இரண்டும் தனித்தனியாக, இடையில் வழிவிட்டு இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அந்த வழி உண்மையிலேயே உதவும். ஆனால் விற்கும்போது அது 'கேப்டன் சீட்' ஆகிவிடுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகும் பெண்ணுக்கான வழியை உருவாக்கிவிட்டு, அதற்குத் தளபதியின் பெயரை வைக்கிறார்கள்.

கதவின் கதையும் இதுதான். நெருக்கமான தெருவில், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு திறக்கவும் மூடவும் எளிதானது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. 1984இல் வந்த மாருதி வேன், பிறகு ஆம்னி என்று பெயர் பெற்று 2019 வரை தயாரானது. அதற்கு இரு பக்கமும் தள்ளுகதவு இருந்தது. இன்று மலிவான ஈக்கோவுக்குத் தள்ளுகதவு உண்டு. பல பத்து லட்சம் விலையுள்ள கார்னிவல், வெல்ஃபயர் வண்டிகளுக்கும் உண்டு. இடையில் நடுத்தரக் குடும்பம் வாங்கும் எர்டிகா, இன்னோவா, கேரன்ஸ், டிரைபர் எதிலும் இல்லை. தள்ளுகதவு வந்துவிட்டால் வண்டி 'வேன்' ஆகிவிடும். வேன் என்றால் பள்ளிப் பிள்ளைகளும் மூட்டைகளும் ஏறுவது. எனவே குழந்தைகளுக்காக வாங்கும் வண்டி குழந்தைகளுக்கான வண்டி போலத் தோன்றிவிடக் கூடாது. 2012இல் எர்டிகாவை அறிமுகம் செய்தபோது அதை 'லைஃப் யுடிலிட்டி வெஹிக்கிள்' என்றார்கள். கேரன்ஸை 'ரிக்ரியேஷனல் வெஹிக்கிள்' என்கிறது அதன் நிறுவனம். பெயரில் வாழ்க்கை இருக்கிறது, பொழுதுபோக்கு இருக்கிறது. குழந்தை வளர்ப்பு மட்டும் இல்லை.

மடியின் எடை

அம்மாவின் மடியைப் போலப் பாதுகாப்பான இடம் உலகில் இல்லை என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தாலாட்டிலும் திரைப்பாட்டிலும் அது உண்மையாக இருக்கலாம். ஓடும் காரில் அது உண்மையில்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். வண்டி எதிலாவது மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், பத்துக் கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்தக் குறைந்தது 140 கிலோ எடையைத் தூக்கும் வலு வேண்டும். நேரம் குறையக் குறைய இந்த எண் இன்னும் கூடும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலு கிடையாது. அவள் பெல்ட் போடாமல் இருந்தால் அவளுடைய முழு எடையும் குழந்தையை முன்னிருக்கையோடு சேர்த்து நசுக்கும். தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் வைத்துக் கட்டிக்கொண்டாலும் இதே கதிதான்.

அன்பு போதாததால் இது நடப்பதில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு கேட்கப்படும் கேள்வி எப்போதும் அன்பைப் பற்றியது: 'புள்ளைய ஒழுங்கா புடிச்சிருக்கக் கூடாதா?' பொறியியலும் சட்டமும் குடும்பமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை ஒரு பெண்ணின் இரண்டு கைகளிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தக் கைகள் தோற்றால் அவளைக் குற்றவாளியாக்குவதுதான் 'தாய் மடி' என்ற புகழ்ச்சியின் மறுபக்கம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இந்த மடியைப் பற்றிச் சட்டமன்றத்திலேயே சண்டை நடந்தது. காரில் போகும் சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம் என்ற சட்டம் அந்நாட்டிலேயே முதலில் அங்குதான் வந்தது. 1978 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்காக விடாமல் வாதாடியவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். ஆனால் சட்டம் நிறைவேறும்போது ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள்: பெரியவர் கையில் ஏந்திய குழந்தைக்கு இருக்கை தேவையில்லை. எதிர்த்தவர்கள் அந்த விலக்குக்குக் 'குழந்தையை நசுக்கும் திருத்தம்' என்று பெயர் வைத்தார்கள். 1981இல்தான் அது நீக்கப்பட்டது. 1985க்குள் எல்லா மாநிலங்களிலும் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது.

இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தின்படி, பதினான்கு வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஓட்டுபவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். நம் சட்டத்தில் மடிக்கு விலக்கு எழுதப்படவில்லை. எழுதாமலே அது நடைமுறையில் இருக்கிறது. முன்னிருக்கையில் பெல்ட் போடாத ஆணைப் போக்குவரத்துக் காவலர் நிறுத்துவார். பின்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் வழிவிடுவார். அது கருணை என்று நம்பப்படுகிறது. போதாக்குறைக்கு, வண்டி வாங்கிய வாரமே போடும் சீட் கவரின் அடியில் பின்னிருக்கை பெல்ட்டின் கொக்கி புதைந்துபோகிறது.

ஐந்து நட்சத்திரம் யாருக்கு?

2023 அக்டோபர் முதல் பாரத் என்காப் என்ற மோதல் சோதனைத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. இது நல்ல மாற்றம். மைலேஜ் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த வீடுகளில் இன்று நட்சத்திரத்தையும் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பெண் தருகிறார்கள். ஆனால் குழந்தைகளுக்கான நட்சத்திரம் எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றரை வயது, மூன்று வயது குழந்தைகளின் அளவில் செய்த இரண்டு பொம்மைகளைத் தகுந்த குழந்தை இருக்கைகளில் கட்டி உட்காரவைத்து வண்டியை மோதுகிறார்கள். கிடைக்கும் நட்சத்திரம் காரும் குழந்தை இருக்கையும் சேர்ந்து பெற்றது. காரோடு அந்த இருக்கை வருவதில்லை. தனியாகச் சில ஆயிரம் கொடுத்து வாங்க வேண்டும். அலாய் வீலுக்கும் கூரைக் கண்ணாடிக்கும் பட்ஜெட்டில் இடமிருக்கும் வீட்டில், இதற்கு மட்டும் 'நாமெல்லாம் அப்படியா வளர்ந்தோம்' என்ற பதில் வரும். இருக்கை வாங்காத வீட்டில் குழந்தைக்கு அந்த ஐந்து நட்சத்திரம் செல்லாது.

அடுத்து, முன்னிருக்கைகளில் உட்காரவைக்கும் பெரியவர் பொம்மைகள். அவை சராசரி ஆணின் அளவில் செய்யப்பட்டவை. உயரம் ஏறத்தாழ 175 செ.மீ., எடை 78 கிலோ. உலகின் சில சோதனைகளில் பயன்படும் சிறிய 'பெண்' பொம்மையும் ஆண் பொம்மையைச் சுருக்கியதுதான். இடுப்பு, கழுத்து, தசை ஆகியவற்றின் வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துச் செய்ததில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சீட் பெல்ட் போட்டிருந்தும் முன்பக்க மோதலில் பெண்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 73 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். சராசரிப் பெண்ணின் உடலை மாதிரியாகக் கொண்ட மோதல் பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு 2022இல் காட்டியது. அது எல்லா நாட்டுச் சோதனை விதிகளுக்குள்ளும் வர இன்னும் காலமாகும்.

இப்போது நம் வண்டிக்குத் திரும்புவோம். கடைசி வரிசையில், பின்கதவுக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போலத் தலை, மடியில் குழந்தை என்று உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் போன்ற பொம்மை எந்தச் சோதனையிலும் இல்லை. குழந்தையைக் காரில் அப்படிக் கொண்டுபோகவே கூடாது என்பதால் சோதிக்கவில்லை என்பது பொறியாளரின் பதில். சரியான பதில்தான். ஆனால் அப்படிக் கொண்டுபோகாமல் இருக்க இயலாத வகையில் வண்டியை வடிவமைத்து, விற்று, ஓட்டவும் அனுமதித்த பிறகு அந்தப் பதில் யாரைக் காப்பாற்றும்?

பெரிய வண்டி விடுதலை தருமா?

குழந்தை இருக்கைச் சட்டம் வந்த அமெரிக்காவில் என்ன ஆனது என்பது நமக்குப் பாடம். மூன்று குழந்தை இருக்கைகள் சாதாரணக் காரின் பின்னிருக்கையில் அடங்கவில்லை. 1983 இறுதியில் கிரைஸ்லர் நிறுவனம் மினிவேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தாழ்ந்த தளம், மூன்று வரிசை, தள்ளுகதவு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி அதுவரை வந்ததில்லை. ஆனால் தள்ளுகதவு வலப்பக்கம், அதாவது ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் மட்டுமே இருந்தது. ஓட்டிவந்த தாய் இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய்த்தான் குழந்தையை இறக்க வேண்டும். இரண்டாவது தள்ளுகதவைக் கிரைஸ்லர் தர 1996 மாடல் வரை ஆனது. அதைத் தர மறந்த ஃபோர்டு, தன் விண்ட்ஸ்டார் வண்டியின் 1998 மாடலில் ஓட்டுநர் கதவைச் சற்று நீட்டி ஒப்பேற்றிப் பார்த்து, மறு ஆண்டு தள்ளுகதவுக்கு வந்தது. அந்த 1999 விண்ட்ஸ்டாரின் விளம்பரங்களில், அதை உருவாக்கிய பெண் பொறியாளர்களை, தாய்மார்கள் என்ற அடையாளத்தோடு முன்னிறுத்தினார்கள். ஒரு கதவு வர இத்தனை ஆண்டு.

அங்கே குழந்தை மடியிலிருந்து இறங்கியது. ஆனால் ஸ்டீயரிங் தாயின் கைக்கு வந்தது. தொழில்நுட்ப வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட 'மோர் ஒர்க் ஃபார் மதர்' நூலில் இதைத் துல்லியமாகக் கவனித்தார். மற்ற வீட்டுச் சாதனங்கள் வேலையைக் குறைப்பதாகச் சொல்லப்பட்ட காலத்தில், கார் ஒரு புதிய வேலையைப் பெண்ணிடம் சேர்த்தது. முன்பு மளிகைக்காரரும் மருத்துவரும் வீட்டுக்கு வந்தார்கள். கார் வந்தபின் மளிகையையும் குழந்தையையும் நோயாளியையும் சுமந்து போவது இல்லத்தரசியின் சம்பளமில்லாத வேலையாயிற்று. 1996 தேர்தலின்போது அந்தப் பெண்களுக்கு 'சாக்கர் மாம்' என்று பெயரும் கிடைத்தது. பிறகு, தாய்மார்கள் ஓட்டும் வண்டி என்ற காரணத்தாலேயே மினிவேன் மதிப்பிழந்தது. அதே குடும்பங்கள் குழந்தைகளை ஏற்றி இறக்க உயரமான, வசதி குறைந்த எஸ்யூவிக்கு மாறின. பெண்ணின் வேலையோடு சேர்ந்துவிட்ட பொருள் மதிப்பிழக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. 2020இல் ஜோர்டன் நிக்கர்சன், டேவிட் சாலமன் என்ற இரு பொருளியலாளர்கள் குழந்தை இருக்கைச் சட்டங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. மூன்றாவது குழந்தைக்கு இருக்கை வைக்கப் பெரிய கார் வாங்க வேண்டியிருப்பதால் பலர் மூன்றாவது குழந்தை பெறுவதையே தவிர்க்கிறார்கள் என்பது அவர்களின் வாதம். 2017இல் இச்சட்டங்கள் காரில் 57 குழந்தைகளின் இறப்பைத் தடுத்தன, அதே ஆண்டில் சுமார் 8,000 பிறப்புகளையும் தடுத்தன என்று மதிப்பிட்டார்கள். தலைப்பிலேயே கார் இருக்கையைக் கருத்தடை என்றார்கள். இந்தத் தராசை நாம் சும்மா விட முடியாது. ஒரு தட்டில் உயிரோடிருக்கும் குழந்தைகள்; மறுதட்டில் பிறக்காதவை. பெற்று வளர்க்கும் பெண் எந்தத் தட்டிலும் இல்லை. அவள் மூன்றாவதைப் பெறவில்லை என்றால் அதற்குக் காரின் அகலம் ஒரு காரணமாக இருக்கலாம். அவளுடைய விருப்பமும் களைப்பும் சம்பளமும் காரணங்கள் இல்லையா?

ஷோரூமுக்கு வெளியே

நம் ஊரில் ஸ்டீயரிங்கும் பெரும்பாலும் பெண்ணிடம் வரவில்லை. ஏழு இருக்கை வண்டி வாரநாட்களில் போர்டிகோவில் உறை போர்த்தி நிற்கிறது, அல்லது கணவன் ஒருவரை மட்டும் சுமந்து அலுவலகம் போகிறது. அதே வாரநாட்களில் குழந்தைகளைச் சுமப்பது அம்மாவின் ஸ்கூட்டர். முன்னால் கால்வைக்கும் பலகையில் சின்னவன் நிற்கிறான், பின்னால் பெரியவள், கொக்கியில் சாப்பாட்டுப் பை, இரண்டு புத்தகப் பைகள். தமிழ்நாட்டு நகரங்களில் பல குழந்தைகளை உண்மையில் சுமக்கும் குடும்ப வாகனம் எது என்று பள்ளி வாசலில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சட்டப்படி இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவர் தவிர ஒருவர்தான் போகலாம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு உடலோடு பிணைக்கும் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2022இல் அறிவிக்கப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்தது. இந்த விதிகள் தேவையானவை. ஆனால் வீட்டிலிருக்கும் ஏழு இருக்கையும் காலியாக நிற்க, மூன்று பேராக ஸ்கூட்டரில் போகும் பெண்ணைச் சட்டம் மீறுபவள் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

விளம்பரங்களும் அவளைப் பார்ப்பதில்லை. 'பையன்களுக்கு மட்டும் ஏன் எல்லாக் கொண்டாட்டமும்' என்று கேட்டது ஹீரோ நிறுவனத்தின் பிளெஷர் ஸ்கூட்டர் விளம்பரம். அதில் வருபவள் பொறுப்புகள் ஏதுமற்ற இளம்பெண். கார் விளம்பரத்தில் வழக்கமாக வரும் தாயோ முன்னிருக்கையிலிருந்து திரும்பி, அழாத, வாந்தி எடுக்காத குழந்தைகளைப் பார்த்துச் சிரிப்பவள். கல்யாணத்துக்கு முன் ஸ்கூட்டரில் சுதந்திரம், கல்யாணத்துக்குப் பின் காரில் புன்னகை. இடையில், இரண்டு குழந்தைகளோடு சிக்னலில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கும் பெண்ணுக்கு எந்த நிறுவனமும் பொருள் விற்க முன்வரவில்லை.

ஆக, வண்டி வாங்கப் போகும் தோழிகளுக்கு இந்த விமரிசனத்திலிருந்து கிடைப்பது என்ன? குழந்தை இருக்கையை முதலில் வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். நடுவரிசையில் பொருத்திவிட்டுக் கடைசி வரிசைக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள். பணம் கொடுப்பவரையும், 'சார்' என்று விளிக்கப்படுகிறவரையும் கடைசி வரிசையில் பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். டெஸ்ட் டிரைவை நீங்கள் ஓட்டுங்கள். உரிமம் இல்லையென்றால் அலாய் வீலுக்கான பணத்தை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குக் கட்டுங்கள். வாரநாட்களில் வண்டிச் சாவி யாரிடம் இருக்கும், பள்ளிக்குக் கொண்டுவிடும் வேலை யாருடையது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன் பேசி முடியுங்கள். இல்லையென்றால் அமெரிக்கத் தாயைப் போல ஓட்டுகிற வேலையும் நம் தலையில் தனியாக விழும்.

கார் வாங்காத, வாங்க முடியாத பெரும்பான்மைக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். இவை பெண்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்த பெரிய காரியங்கள். ஆனால் ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலும் பிடித்தபடி உயரமான படியில் ஏறுவது இன்னமும் சர்க்கஸ்தான். தாழ்தளப் பேருந்து அதிகரித்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும், கர்ப்பிணிக்கும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவளுக்கும் ஒரே நேரத்தில் வழி கிடைக்கும். பல குழந்தைகளைச் சுமக்கும் இடவசதியுள்ள வண்டியை நம்மில் பெரும்பாலோர் ஷோரூமில் தேட முடியாது. அதைப் போக்குவரத்துக் கழகத்திடம்தான் கேட்க வேண்டும். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: இந்த வண்டியில் எத்தனை பேருக்கு இடம் என்று எண்ணியபோது, என் மடியை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?